பால்கனிக்கு ஒரு முகம்

படுக்கையில் கிடந்தவரின் வலது கை விரல்கள் போர்வையின் மேல் எதையோ வெட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் மோதிர விரலும் சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. பக்கவாதம் வந்த நாளிலிருந்து மரக்கட்டையாய்க் கிடந்த கை அது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி, கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிய மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நரம்பு உயிர் பிடிக்குதும்மா. நல்ல அறிகுறிதான்" என்றார் மருத்துவர்.

அவளும் அப்படியே நம்பினாள். ஆனாலும் ஏதோ உறுத்தியது. கூடவே வாழ்ந்து கிழவியாகிவிட்டாள்; அவர் கை செய்யும் எல்லாச் சேட்டையும் அவளுக்குத் தெரியும். இது அவற்றில் இல்லை.

இந்த நாட்டுக்கு அவர் முகத்துக்கு முன்பே குரல்தான் அறிமுகம். தலைநகர ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். அதே நிலையத்தில் அவள் டிக்கெட் கொடுப்பவள். வேலையை விட்டு நீக்கிய போர்ட்டர்களைத் திரும்பச் சேர்க்கும்வரை ஒரு ரயிலும் புறப்படாது என்று ஒருநாள் அவர் மைக்கில் அறிவித்தார். கேட்ட ஓட்டுநர்கள் உண்மையாகவே இறங்கிவிட்டார்கள். அன்று விழுந்த போலீஸ் தடியடியில் இடது புருவத்துக்கு மேல் கிழிந்தது. அந்தத் தழும்பும் அந்தக் குரலும் அவரை முதலில் சட்டமன்றத்துக்கும், பிறகு மூன்று முறை பிரதமர் நாற்காலிக்கும் கொண்டுபோயின. எதிர்க்கட்சியைப் பற்றிக் கேட்டால், "ரயிலே வராத பிளாட்பாரத்துல பெட்டி படுக்கையோட நிக்கிறாங்க, பாவம்" என்பார். கூட்டம் சிரித்து ஓய வெகு நேரமாகும்.

நான்காவது தேர்தலுக்குப் பிரச்சாரம் தொடங்கும் நேரத்தில் குளியலறையில் விழுந்தார். பேச்சு போயிற்று. வலப்பக்கம் போயிற்று.

கட்சிச் செயலாளர் விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்தார். தொலைவிலிருந்த ஒரு சிற்றூரில் சலூன் நடத்தும் ஒருவர், வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைக்கத் தலைவரைப் போலப் பேசிக் காட்டுவார். உயரமும் தாடையும் அச்சில் வார்த்தது போல இருந்தன. இரவோடு இரவாக அவரை அழைத்து வந்தார்கள்.

"தினமும் சாயங்காலம் பால்கனியில கொஞ்ச நேரம் நின்னு கையாட்டினா போதும். தேர்தல் வரைக்கும்தாம்மா" என்றார் செயலாளர்.

அவள் சம்மதித்தாள். இவர் விழுந்தார் என்று தெரிந்தால் கட்சி நாலாய்ச் சிதறும். அன்று அவரைச் சிறையில் போட்ட பழைய ஆட்சிக்காரர்களே திரும்ப வருவார்கள். தவிர, அவள் நெஞ்சறிய, பால்கனிக்குக் கீழே எழும் அந்தக் கோஷம் நின்றுபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சலூன்காரர் முதல் நாள் சோபாவின் நுனியில், எழுந்துகொள்ளத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். "அம்மா, வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா? பொண்ணுங்க ரெண்டும் தேடும்" என்று கேட்டார். அவளே அவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். இடது காலில் பாரத்தைப் போடணும். பேசறதுக்கு முன்னாடி காது மடலைத் தொடணும். மாடிப்படித் திருப்பத்தில் முழங்கால் வலிக்காக ஒரு கணம் நிற்கணும். தழும்பை மட்டும் தினமும் ஒப்பனைப் பென்சிலால் வரைந்தார்கள். சொல்வதைக் கேட்கும்போது சலூன்காரரின் விரல்கள் சும்மா இருக்காது. மடிமேல் கத்தரித்துக்கொண்டே இருக்கும். கட்டைவிரலும் மோதிர விரலும்.

அது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையிலிருந்த துணியிலிருந்து நீர் சொட்டிப் பாதத்தை நனைத்தது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. திரைச்சீலை இழுத்து மூடிய அறையில் ஸ்பிரிட்டும் பவுடரும் வெகுநாள் படுத்த உடம்பின் புளித்த வாடையும் கலந்து நின்றன. கீழே வாசலில் குடைகளின் மேல் மழை விழும் சத்தமும், அதற்கும் அடியில், காத்திருக்கும் கூட்டத்தின் முணுமுணுப்பும் தரை வழியாக ஏறி அவள் நாற்காலிக் கால்களில் அதிர்ந்தன. அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. இடது காலில் அழுத்தம். திருப்பத்தில் ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு, பிறகு கைப்பிடிச் சுவரில் மோதிரம் உரசும் கீச்சென்ற ஒலி. வாழ்நாளெல்லாம் அந்தக் காலடிக்காகத்தான் அவள் விழித்திருந்திருக்கிறாள். எழுந்தும்விட்டாள். எழுந்த பிறகுதான், அந்தக் காலடிக்கு உரியவர் தன் எதிரில் படுத்திருப்பது உறைத்தது.

பெருமூச்சை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. மோதிரத்தையும்.

கதவு திறந்தது. சலூன்காரர் நேராக வந்து அவள் எதிரில் நின்றார். காலர் மடிந்திருந்தது. அதைச் சரிசெய்யும் சாக்கில் அவள் கையை உயர்த்தி, புருவத்துக்கு மேலிருந்த பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மழையில் நனைந்த முகம். கோடு கலையவில்லை. இன்னும் அழுத்தினாள். விரலுக்கடியில் தடித்த தசை நெளிந்தது.

"வலிக்குது, ஜன்னல்" என்றார் அவர்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அவள் புருஷன் வைத்த பெயர் அது. விளக்கணைத்த பிறகு மட்டும் கூப்பிடும் பெயர். உலகத்தில் வேறொரு உயிருக்கும் தெரியாது.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது?" அவர் சிரித்தார். காது மடலைத் தொட்டுக்கொண்டார். "பால்கனிக்கு நேரமாச்சு. நீ போய்க் கொஞ்சம் படு."

படுக்கையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. போகும்போது கைப்பிடிச் சுவரில் படிந்த அவர் விரல்கள் எதையும் கத்தரிக்கவில்லை.

அவள் செயலாளரைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆளை ஊருக்கு அனுப்புங்க. இன்னைக்கே."

"எந்த ஆளும்மா?"

"சலூன்காரரை."

செயலாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "தூங்கி எத்தனை நாளாச்சு உங்களுக்கு? தலைவர் தேறிட்டார்னு நாங்கள்லாம் சந்தோஷத்துல இருக்கோம். காலையில மந்திரிகளை உட்கார வெச்சு ஒரு பிடி பிடிச்சார் பாருங்க, பழைய தெம்பு. நீங்களும் சந்தோஷப்படுங்க."

அந்த முகத்தில் நடிப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை.

அறைக்குத் திரும்பினாள். விளக்கைப் போட்டாள். படுத்திருந்தவரின் நெற்றியை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தாள். மறுமுறை துடைத்தாள். இடது புருவத்துக்கு மேல் தோல் வழவழவென்றிருந்தது. அடிபட்டதே இல்லாத தோல். அவர் கண் திறந்தார். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. விழுந்த பிறகு ஒரு சொல்லும் வராத வாய் அது.

"அம்மா."

அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அம்மா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்கம்மா. கடைச் சாவி என்கிட்ட இருக்கு. பொண்ணுங்க வாசல்ல நிக்கும்."

மெல்லிய குரல். பணிவான குரல். சோபாவின் நுனியில் அவள் கேட்ட குரல். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. வெட்டிக்கொண்டே இருந்த கை, வெட்டிக்கொண்டே இருந்தது.

அவள் பின்வாங்கினாள். முதுகு கதவில் இடித்தது. இதை நிறுத்த வேண்டும், பால்கனிக்கே போய், கூட்டத்தின் முன்னால் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்து முன்னறைக்கு வந்தாள்.

சோபாவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நுனியில். எழுந்துகொள்ளத் தயாராக. இவள் வயதுதான். அதே உயரம். காதோரம் அதே நரை. தோளில் பழுப்புச் சால்வை. இவள் தோளில் கிடப்பதைப் போலவே ஒன்று.

"அம்மா ஓய்வெடுக்கட்டும்னு தலைவர் சொன்னார்" என்றார் பக்கத்தில் நின்ற செயலாளர். "ஜனங்க உங்களையும் பார்க்கணும்னு கேக்குறாங்க. அதுக்குத்தான்."

அந்தப் பெண் எழுந்தாள். கூச்சத்தோடு கைகளைப் பிசைந்தாள்.

"அம்மா, கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா? பார்த்துக்கிறேன். வீட்டுல பேரக்குழந்தை தேடும்."

அவள் நடக்கவில்லை. ஒரே ஒரு அடி பின்னால் வைத்தாள்.

எதிரில் நின்றவளும் ஒரு அடி பின்னால் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு வலிக்கும் அதே இடத்தில்.

"போதும்மா" என்றாள் அந்தப் பெண். "வந்துடுச்சு."

செயலாளரின் கை தோளில் பட்டது. மரியாதையாக. மென்மையாக. அவளை அறைக்குள் திருப்பியது. கதவு மூடியது. வெளியே சாவி திரும்பியது.

ஜன்னலுக்கு ஓடினாள். திரைச்சீலையைப் பிய்த்து இழுத்தாள். பக்கவாட்டில் பால்கனி. வெளிச்சம். மழை. கீழே குடைக் கடல். அவர் கையை உயர்த்தினார். கோஷம் எழுந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அவர் பக்கத்தில் பழுப்புச் சால்வை. அதுவும் கை உயர்த்தியது.

கண்ணாடியை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. மறுபடி அறைந்தாள்.

சால்வைக்காரி திரும்பினாள். கூச்சம் போயிருந்தது. அவள் முகம். இவளுடைய முகமேதான். கூட்டத்தில் நிற்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்து, சிரித்து, கையாட்டியது.

அவள் தன் புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

வந்தது ஒரு குழந்தையின் பெயர். கேட்டறியாத குரலில், அடிவயிற்றிலிருந்து, மறுபடியும் மறுபடியும் அதே பெயர். அவளுக்குக் குழந்தைகள் கிடையாது.