மாதப்பாவின் சவரம்

மைசூருக்கு வேலை தேடி வந்த புதிதிலேயே சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். தொண்ணூற்றாறாம் வருட மழைக்காலம். அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். புரண்டு படுக்கவும் வழியில்லை. கட்டிப்போட்ட மாட்டாலாவது கழுத்தைத் திருப்பிப் புல் மேய முடியும்.

"நாளைக்கு ஆபரேஷன், சுரேந்தர்" என்றார் டாக்டர் முரளிதரன். அவரும் தமிழர்தான்.

"தொடையில சவரம் எப்ப சார் பண்ணுவாங்க?"

"பண்ண மாட்டோம். கத்தி பட்டா பொடிக் கீறல் விழும். அது வழியா கிருமி எலும்புக்குப் போச்சுன்னா காலையே எடுக்கணும். முடி பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் கொத்தனார். கால் போனால் சோறு போச்சு.

மதியம் என் மனைவி லீலா சாப்பாடு வாங்க மார்க்கெட் பக்கம் போனாள். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் வார்டு இருண்டது. மற்ற கட்டில்கள் காலி.

சவர சோப்பு வாசனை வந்தது.

தொடையில் ஜில்லென்று நுரை பட்டது.

கட்டிலோரம் காக்கிச் சட்டை போட்ட ஒரு கிழவர் குனிந்திருந்தார். கையில் மடக்குக் கத்தி.

"வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றேன்.

சர்ர்ர்.

அவர் நிமிராமல் மெதுவாகக் கேட்டார். "ஸாகா?"

சாகவா என்று கேட்கிறாரா? "இல்ல! இல்ல!" என்று அலறினேன்.

கத்தி இன்னும் மேலே ஏறியது.

"ஸாகா?"

"இல்ல!"

சர்ர்ர்.

கரண்ட் வந்தபோது யாரும் இல்லை. தொடை வழுவழுவென்று இருந்தது. நடுவில் நீளமாக ஒரு கீறல்.

டாக்டர் சத்தம் போட்டுவிட்டு, புண் ஆறட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். தமிழ் பேசத் தெரிந்த நர்ஸ் கௌரம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அது மாதப்பா. முந்தி இங்க சவரம் பண்ணிட்டிருந்தவரு. செத்து ரொம்ப நாளாச்சு. ஸாகான்னா கன்னடத்துல போதுமான்னு அர்த்தம். நீங்க இல்ல இல்லன்னா அவர் எப்படி நிறுத்துவாரு? அவர் கேக்கறப்ப, போதும்ங்கிறதுக்கு ஸாகுன்னு சொல்லணும்."

அந்த ஒரு வார்த்தையை மந்திரம் போல மனப்பாடம் செய்தேன். லீலா பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

புண் ஆறியது. விடிந்தால் ஆபரேஷன். மதியம் மறுபடி மழை, மறுபடி இருட்டு. லீலா என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தைரியமாக இருந்தது.

தொடையில் ஜில்லென்றது.

அவளுடைய இரண்டு கைகளும் என் கையில்தான் இருந்தன.

"ஸாகு!" என்று கத்தினேன். "ஸாகு! ஸாகு!"

லீலா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

"என்னையா சாகச் சொல்றீங்க? ராப்பகலா உங்க காலடியில கிடக்கேனே, என்னையா?"

"உன்ன இல்ல லீலா! போகாத..."

அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டாள். என்னால் எழுந்து போய்த் தடுக்க முடியவில்லை. எடைக்கல் மட்டும் கிறீச்சென்று ஆடியது.

சர்ர்ர்.

"ஸாகு" என்றேன். கெஞ்சினேன். அழுதேன்.

கத்தி தொடையைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, கழுத்துக்கு வந்தது. இந்தத் தடவை அவர் எதுவுமே கேட்கவில்லை.