இரண்டாவது வளையம்

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் எண்ணெய் விழுந்திருந்தது. எண்ணெய் சொட்டினால் பொட்டு மாதிரி விழும். நடுவில் கருத்து, ஓரத்தில் மங்கி. இது அப்படி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம், பிசிறில்லாத கோடு. நடுவில் அட்டை காய்ந்து கிடந்தது.

அவள் அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"நின்னுடுச்சா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. முக்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போலக் கைப்பையை மடியில் வைத்திருந்தாள்.

"இல்ல. இன்னும் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் நடத்தும் பட்டறைக்கு விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே மேகம் கவிந்திருந்ததால் உள்ளே வந்த வெளிச்சம் பழைய எண்ணெயின் நிறத்தில் இருந்தது. வண்டியின் பின்சீட்டில் பெட்டிகளும் சுருட்டிய மெத்தையும். நாளைக் காலை வேறு ஊரில் தம்பி மனைவிக்குப் புது வேலை. இன்றே கிளம்ப வேண்டும், நீண்ட நெடுஞ்சாலை, தனியாக.

இந்த ஒழுக்கு எத்தனை முறை வந்துவிட்டது. எஞ்சினின் மேல்மூடி கேஸ்கெட்டை மாற்றினாள். எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாள். கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க ஆயில் சீலைக்கூட மாற்றினாள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் காய்ந்திருக்கும். பிறகு அட்டையில் மறுபடியும்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து பக்கத்துக் கடை வெல்டர் வந்தான், இரவல் வாங்கிய கை விளக்கைத் திருப்பித் தர.

"இன்னும் இதே வண்டிதானா அக்கா? இதுக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திவிட்டு அனுப்புங்க."

"விளக்கை அங்க வை."

"ஃபில்டரைப் பாத்தீங்களா?"

"நீதானே மாட்டின. சரியாத்தான் இருக்கும்."

"அதான் கேக்கறேன். கொஞ்ச நாளா ஃபில்டர்னா மட்டும் என்னைக் கூப்பிடறீங்க. நான் வெல்டர் அக்கா. அடுத்து முடி வெட்டச் சொல்லுவீங்க போல." தம்பி மனைவியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "வரேன் அக்கா. மழை வரும்."

அவன் சொன்னது உண்மை. ஃபில்டரைத் தவிர எதையும் தொடுவாள்.

பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு ஒன்று வழுக்கும். சில நிமிடங்களில் எஞ்சினில் எண்ணெய் மிஞ்சாது. அதனால்தான் கழற்றியதும் அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு சுற்று வர வேண்டும். இங்கே வேலை கற்க வந்த எல்லோருக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

தம்பியின் வண்டியில் அன்று அவள் விரல் சுற்றவில்லை. அவன் பக்கத்தில் நின்று வம்பளந்துகொண்டிருந்தான். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பவள் என்பதால் அவளை டாக்டரம்மா என்பான். "டாக்டரம்மா, நோயாளி பொழைப்பாரா?" அவள் சிரித்துக்கொண்டே ஃபில்டரை முறுக்கினாள். அவன் போன பிறகுதான் குப்பையில் கிடந்த பழையதைப் பார்த்தாள். அதில் வளையம் இல்லை.

போனை எடுத்தாள். வைத்தாள். சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வான். கழன்று, எண்ணெய் பிடிக்கும் தட்டில் விழுந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். தட்டைப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையில் அவன் எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

நசுங்கிய வண்டியைப் பார்க்கப் போனதும் அவள்தான். யாரும் இல்லாத நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி, இரண்டாவது வளையத்தை நெம்பி எடுத்தாள். ஸ்க்ரூடிரைவர் பட்டு அதில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. வரும் வழியில் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தாள். எண்ணெய் தீர்ந்தால் ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், அதைப் பார்த்தும் ஓட்டியிருக்கிறான், அசட்டை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள்.

இப்போது எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தாள். துளி ஈரமில்லாமல் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை அதன்மேல் தூவினாள். எண்ணெய் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கருக்கும். ஒழுக்கு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வெள்ளை பூசிய எஞ்சின் குளித்துவந்த குழந்தை மாதிரி மணத்தது.

"ஸ்டார்ட் பண்ணும்மா."

எஞ்சின் ஓடியது. அவள் வண்டிக்கு அடியில் வேலை பார்க்க வெட்டியிருந்த பள்ளத்துக்குள் இறங்கி, தலைக்கு மேல் அதிரும் இரும்பைப் பார்த்தபடி நின்றாள். சூடேறிய பவுடரின் வாசம், புகை, பள்ளத்துச் சுவரில் ஊறிய பல வருட எண்ணெயின் கசப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றுச் சேற்றின் மணம் போல ஏதோ ஒன்று வந்து வந்து போனது.

"போதும். நிறுத்து."

தம்பி மனைவி இறங்கி வந்து மேலேயிருந்து டார்ச் அடித்தாள். நிசப்தத்தில் சொட்டும் சத்தம் கேட்டது. டப். டப்.

எண்ணெய் கீழேதான் இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதற்கு வேறு விதி கிடையாது. பவுடரில் தெரிந்த தடம் இறங்கவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி வந்திருந்தது. ஒரே சீராக, ஒரே அகலத்தில். யாரோ விரலை வைத்து ஒரு சுற்று வந்ததைப் போல.

"அண்ணி." மேலேயிருந்து குரல் மெதுவாக வந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லு."

"அன்னிக்கு அவர் போன் பண்ணினார். சிவப்பு லைட் எரியுது, ஓரம் கட்டவான்னு கேட்டார். நான்தான், இன்னும் கொஞ்ச தூரம்தானே, வந்துடுங்கன்னேன்." டார்ச்சை மறு கைக்கு மாற்றினாள். "பசியா இருந்துச்சு அண்ணி. அவர் வந்தாத்தான் சாப்பிடலாம்னு உக்காந்திருந்தேன். அவ்வளவுதான் காரணம். இந்த ஊர்ல இருக்க முடியல. எந்தத் தெருவுல நடந்தாலும் அதேதான் காதுல கேக்குது."

டப். டப்.

ஒரு வாக்கியம் போதும். தம்பி மனைவியின் முதுகில் இருக்கும் பாரத்தை இந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிடலாம். வார்த்தை தொண்டை வரை வந்தது. நாக்கில் ரப்பரின் ருசி.

"உன் மேல என்னம்மா தப்பு" என்றாள். "அவனுக்கு எப்பவுமே அசட்டை."

சொட்டுவது நின்றது.

வெளியே மழை ஆரம்பிக்கும் சத்தம். உள்ளே எதுவும் இல்லை. மேலே எஞ்சின் ஆறிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். இரும்பு சுருங்கும்போது டிக் டிக் என்று கேட்கும். அதுவும் கேட்கவில்லை. காது கொடுப்பதைப் போல ஒரு அமைதி.

அவள் ஃபில்டரைப் பிடித்துத் திருகினாள். சுலபமாகக் கழன்றது. திருப்பிப் பார்த்தாள். அதன் வளையம் அதிலேயே இருந்தது. மூச்சு விட்டாள்.

பிறகு எஞ்சினில் விரலை வைத்து ஒரு சுற்று வந்தாள்.

மெத்தென்று இருந்தது. வெதுவெதுப்பாக.

நகத்தால் நெம்பினாள். வளையம் உரிந்து கையில் விழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் திருப்பினாள். பிறை மாதிரி ஒரு வெட்டு. சேறு.

"கிடைச்சுதா அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி விரல் வைத்தாள். இன்னொன்று. அதே வெட்டு. உரித்தாள். அதற்கு அடியில் இன்னொன்று. விரல் சுற்றியது, உரித்தது, சுற்றியது. தட்டில் போட இடமில்லாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். வளையல்கள் மாதிரி ஏறின. முழங்கை வரை. எல்லாவற்றிலும் அதே பிறை. எல்லாம் வெதுவெதுப்பாக, இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததைப் போல.

"மழை பலமாகறதுக்குள்ள போயிட்டா நல்லது அண்ணி."

"இதோ."

கடைசியில் விரலுக்குக் கீழே வழவழப்பு. இரும்பா? எண்ணெயில் விரல் நுனி மரத்திருந்தது. இரும்புதான். இரும்பாகத்தான் இருக்கும். இன்னொரு முறை சுற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

சுற்றவில்லை. புது ஃபில்டரை முறுக்கினாள்.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அட்டை காய்ந்தே இருந்தது. தம்பி மனைவி அவள் கையைப் பிடித்தாள். "நீங்க இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா அண்ணி" என்றாள். அவள் ஷட்டரை உயர்த்திவிட்டாள். வண்டி மழைக்குள் போனது. பின்விளக்கு இரண்டும் தெரு முனையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பியபோது தட்டு காலியாக இருந்தது. கைகளைப் பார்த்தாள். எந்த வளையமும் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாக எண்ணெய் மட்டும்.

சோப்பு போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மறுபடி தேய்த்தாள். மழை நின்று, தண்ணீர் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணி." பின்னணியில் லாரிகளின் இரைச்சல். "நெடுஞ்சாலைல இருக்கேன். சிவப்பு லைட் எரியுது. ஓரம் கட்டட்டுமா? இல்ல, இன்னும் கொஞ்ச தூரத்துல ஊர் வந்துடும், போயிடட்டுமா?"

நிறுத்து. ஒரே வார்த்தை.

வாயைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்கவில்லை.

உதட்டுக்குப் பின்னால் ஏதோ இருந்தது. நாக்கை வைத்து ஒரு சுற்று வந்தாள். பற்களைச் சுற்றி, வாய் முழுக்க. மெத்தென்று. வெதுவெதுப்பாக. ஓரிடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு.

"அண்ணி? கேக்குதா?"

உதட்டுக்குள் விரலைவிட்டு நெம்பினாள். உரிந்து தரையில் விழுந்தது. நாக்கு மறுபடி சுற்றியது.

அடியில் இன்னொன்று.

"சரி அண்ணி. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா பயமில்லைன்னுதானே அர்த்தம். இன்னும் கொஞ்ச தூரம்தானே."

உரித்தாள். அடியில் இன்னொன்று. லாரிகளின் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. உரித்தாள்.

இன்னொன்று.