மலைவீட்டில் ஓர் இடைஞ்சல்

ரிசீவரின் ஓரத்திலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த இடத்தில் அது எரியக் கூடாது. பலத்த சிக்னல் ஏதாவது குறுக்கிட்டால் மட்டுமே எரிகிற விளக்கு அது. அப்படிக் குறுக்கிட ஜவ்வாது மலையின் இந்தச் சரிவில் ஒன்றுமே இல்லை என்பதால்தான் ரேணுகாதேவி இங்கே வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். செல்போன் கோபுரம் கிடையாது. மின்சாரமும் மதிய மழையோடு போய்விட்டது. ஓட்டிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும், ஊறிய சுவரின் சுண்ணாம்பு வாசனையும், பின்னறையில் யாரோ மூட்டையாகப் போட்டுவிட்டுப் போன பழம்புளியின் நெடியும் மட்டுமே அந்தச் சாயங்காலத்தில் அவளுக்குத் துணை.

அவள் செய்துகொண்டிருந்தது மரங்களுக்கான காவல். சந்தன மரத்தில் நகத்தளவு மின்னணுச் சில்லு ஒன்றைக் கட்டிவிடுவார்கள்; கோடரி விழுந்தால் அது மெல்லக் குரல் கொடுக்கும். அதைக் கேட்கும் ரிசீவர் ஒரே ஒரு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காட்டில் விழித்திருக்க வேண்டும். எந்த அலைவரிசையில் கூப்பிட்டாலும் கேட்க வேண்டும். மரம் கடத்துகிறவர்கள் இரைச்சல் கருவி வைத்து அமுக்கினாலும் ஏமாறக் கூடாது. இத்தனையும் சேர்ந்தால் பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்காது என்று பெங்களூரு அலுவலகத்தில் எல்லாரும் கையை விரித்தபோது ரேணுகாதான் வழி கண்டாள். இரண்டு ஆண்டெனா. இரண்டிலும் எது பலமாக விழுகிறதோ அதையே பிடித்து, தலைகீழாக்கி, அதன்மேலேயே போட்டால் போதும். அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மெல்லிய குரல் மட்டும்.

அதைத்தான் இந்நேரம் அவளுடைய மேலாளர் நவீன்குமார் ஒரு மேடையில் நின்று தன் கண்டுபிடிப்பாக விளக்கிக்கொண்டிருப்பான். காப்புரிமை விண்ணப்பத்தில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "டீம் ஒர்க்தானே மேடம்" என்று சிரித்தான். மேடை ஏறும் வாரமாகப் பார்த்து அவளை மலைக்கு அனுப்பினான். கத்துகிறவனை அடக்கிவிட்டு முணுமுணுப்பவளைக் கேட்கும் கருவியைச் செய்தவள் அவள். அலுவலகத்தில் அப்படி ஒன்றை எவரும் மாட்டி வைக்கவில்லை.

விளக்கு அணையவில்லை.

லேப்டாப்பை அணைத்தாள். செல்போனையும் அணைத்துத் தூர வைத்தாள். பார்த்தாள். எரிந்தது. இரண்டு ஆண்டெனாவையும் கழற்றினாள். அப்போதும் எரிந்தது. காது இல்லாத ஒருவனுக்குப் பேச்சு கேட்பதைப் போல இருந்தது அது.

ஆண்டெனாக்களைத் திரும்பப் பொருத்தி, ரிசீவரைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். சிக்னல் வருகிற திசையைக் காட்டும் முள் ஒன்று அதன் சிறு திரையில் உண்டு. வாசலில் நின்றபோது முள் நடு அறையைக் காட்டியது. நடு அறைக்குப் போனாள். முள் அவளுக்குப் பின்னால் திரும்பியது. திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். முள் மறுபடி பின்னால் திரும்பியது. இரண்டு எட்டு நடந்தாள், அதுவும் வந்தது. நின்றாள், நின்றது. கழுத்தின் பின்புறத்தில் ஈரக் காற்று பட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"அம்மா, சோறு கொண்டாந்துக்கீறேன்."

சுந்தரம்மாளின் குரல். மேட்டுவீட்டுக்காரி, சாமை விதைக்கிற குடும்பம். ரேணுகாவுக்குச் சாப்பாடு கொடுப்பது அவள்தான். அந்தக் குரலைக் கேட்டதும் ரேணுகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உள்ள வாங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க."

சுந்தரம்மாள் சோற்றுத் தூக்கை இறக்கி இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"எதுக்கு ரெண்டு தட்டு?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? வந்த நாளா ரெண்டு பேருக்குதான கொண்டாறேன்."

"நான் ஒருத்திதானே இருக்கேன்."

சுந்தரம்மாள் சிரித்தாள். "அப்ப ஜன்னலாண்ட நிக்கறவங்க யாரு? உன்ன மாதிரியேதான் கீறாங்க. இன்னா, உன் அக்காளா? மூஞ்ச மட்டும் காட்ட மாட்றாங்க." பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே, "புளி மூட்டையாண்ட குந்திக்கீறாங்களா? நான் கூப்ட்டு வர்றேன், இரு" என்று உள்ளே போய்விட்டாள்.

கையிலிருந்த ரிசீவரில் விளக்கு கொழுந்துவிட்ட மாதிரி எரிந்தது. முள் சுழன்றது. ரேணுகாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இடைஞ்சலை எப்படி விலக்குவது. பலத்த சிக்னலை அழிக்கும் தன் சர்க்யூட்டின் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது.

முள் ஓய்ந்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால், ஏதோ ஒரு மரத்தில், சோதனைக்காக விடாமல் ஒலிக்கும்படி அவள் கட்டிய சில்லின் குரல் துல்லியமாக வந்தது. டிக். டிக். எவ்வளவு சுத்தமான ஓசை! மேடையில் நிற்பவனால் இதை ஒரு நாளும் செய்திருக்க முடியாது. நெஞ்சுக்குள் கசப்பும் கர்வமும் ஒன்றாகப் பொங்க, "சுந்தரம்மா, வந்துடுங்க, சரியாய்டுச்சு" என்று கூவினாள்.

அவள் குரல் வெளியே வரவில்லை.

மறுபடி கூவினாள். தொண்டை அதிர்ந்தது. வாய் அசைந்தது. அறையில் ஓட்டுச் சொட்டின் ஓசை மட்டும்.

சுந்தரம்மாள் பின்னறையிலிருந்து வந்தாள். ரேணுகாவை நேராகப் பார்த்தாள். இல்லை, ரேணுகாவுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். "இங்க நின்னுனு இருந்த அம்மா எங்க?"

"அவ போய்ட்டா."

பதில் பின்னறையிலிருந்து வந்தது. ரேணுகாவின் குரலில்.

எது பலமான சிக்னல் என்று அந்தச் சர்க்யூட்டுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதுவாகத்தான் முடிவு செய்யும். அப்படித்தான் அவள் அதைச் செய்திருந்தாள்.

சர்க்யூட்டை அணைக்கப் பரபரத்தாள். விரல் பொத்தானில் பட்டது. பொத்தான் அசையவில்லை. மறுபடி. மறுபடி.

புளி நெடி நெருங்கியது. இருட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளுடைய நீலச் சுடிதார். அவளுடைய நடை. முகம் சுந்தரம்மாள் பக்கம் திரும்பியிருந்தது.

"நாம கெளம்பலாமா? ஆலங்காயம் பஸ் போய்டப் போவுது."

"சாப்ட்டுப் போயேம்மா."

"வேணாம். ரொம்ப நாளா உள்ளயே இருந்துட்டேன்."

சுந்தரம்மாள் ரேணுகாவின் பையைத் தூக்கிக்கொண்டாள். ரேணுகா அவள் தோளைப் பற்றினாள். தோள் கையை உணரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும் ஓசை. கதவு சாத்தப்பட்டது. பூட்டு.

ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் இரு கையாலும் அறைந்தாள். ஓசையில்லை. முகத்தை அழுத்தி, மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினாள். கண்ணாடியில் ஆவிகூடப் படியவில்லை.

மேட்டுப் பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன சுந்தரம்மாள் அதற்குள் மறைந்துவிட்டாள். பின்னால் போனவள் நின்றாள். திரும்பினாள். நிதானமாக நடந்து ஜன்னலுக்கு வந்தாள். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டினாள். மூக்குக்கு நேர் மூக்கு. கண்ணுக்கு நேர் கண்.

வாயைத் திறந்து, மெல்ல, வெளியிலிருந்து ஊதினாள். வெள்ளை ஆவி படர்ந்து, படர்ந்து, கண்ணாடி முழுவதையும் மூடியது.