கேட்டது யார்

பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது. காதுக்காரருக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

காது பரிசோதிப்பது அவர் தொழில். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒலி புகாத அறை, சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, ஒரு நாற்காலி. நோயாளி உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கதவைச் சாத்தியதும் தெரு, மின்விசிறி, வாசலில் பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் கத்தரித்தாற்போல நின்றுபோகும். பழைய ரப்பரும் பலபேர் தலையெண்ணெயும் கலந்த வாடை மெல்ல எழும்பும். கொஞ்ச நேரத்தில் தன் ரத்தம் ஓடுவதே தனக்குக் கேட்கத் தொடங்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் பெரிய பெரிய ஆட்கள்கூடச் சும்மா ஒருமுறை இருமிக்கொள்வார்கள். தான் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்கிற இருமல் அது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் காதுக்காரர்.

வருஷத்துக்கு ஒருமுறை, மதியம் ஆள் வராத நேரம் பார்த்து, இயந்திரத்தைத் தானாக ஓட விட்டுவிட்டு அவரே உள்ளே போய் உட்காருவார். உடம்பின் மேல் அக்கறை என்று சொல்ல முடியாது. அண்ணன் மேல் வைத்திருந்த கோபத்துக்காகத்தான். ஆறு வருஷம் முன்பு, அம்மாவுக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவியை எடுத்துவிடலாம் என்று இவரைக் கேட்காமலே அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி நடையில் வைத்து, சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை இவர் சொன்னார். அண்ணன் கையை ஓங்கி இடது காதில் அறைந்தார். அன்றிலிருந்து அந்தக் காது மந்தம். ஒவ்வொரு வருஷமும் எடுக்கிற வரைபடத்தில் இடது காதின் நீலக் குறிகள் படிக்கட்டுபோலச் சரிந்து இறங்கும். அந்தத் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். யாரிடமும் காட்டியதில்லை. இருந்தாலும், நீ யார் என்று யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் அந்தக் கோப்பைத்தான் எடுத்து நீட்டியிருப்பார்.

இன்று அந்தக் காதுக்குத்தான் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய கட்டைவிரல் அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது, தடுமாற்றம் இல்லாமல், எல்லாம் நன்றாகக் கேட்கிற ஒருவருடைய விரலைப்போல.

வெளியே வந்து தாளை எடுத்தார். நீலக் குறிகள் மேலே ஒரே கோட்டில் நின்றன, சின்னப் பிள்ளையின் காதுக்கு வருவதுபோல. இயந்திரத்தில்தான் கோளாறு என்று வரவேற்பில் இருந்த பெண்ணை உட்கார வைத்துப் பார்த்தார். அவளுக்கு எப்போதும்போலச் சரியாக வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவருக்கோ, பூட்டிய வீட்டுக்குள் யாரோ வந்து புழங்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மூன்று மாதமாக, மனைவியின் வற்புறுத்தலில், ஒரு தியான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்கோபம் குறையட்டும் என்றுதான். வகுப்பு நடத்தும் அம்மாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கோபம் வந்தால், இது யாருக்கு வந்தது என்று கேளுங்கள். எனக்கு என்று பதில் வரும். அந்த ‘நான்’ எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடுங்கள். பரிசோதனை என்றால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். தினமும் தேடினார். ஒருநாளும் யாரும் அகப்படவில்லை.

அந்த வாரம், எட்டு வயது மகள் சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைக் கொட்டி அவருடைய தாள்களை நனைத்துவிட்டாள். கோபம் கிளம்பி வாய்வரை வருவதற்குள் கை துணியை எடுத்துத் துடைத்து முடித்திருந்தது. வாய் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த ஜோக்கை அவரும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்று தலையைக் கோதிவிட்டாள்.

“இப்பத்தாங்க நீங்க நீங்களா இருக்கீங்க.”

அந்தக் கை பட்டது எங்கோ தூரத்தில் தெரிந்தது. அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல.

மறுநாள் காலை வகுப்பு அம்மாளுக்குப் போன் செய்தார். வார்த்தைகளை வாய்க்குக் கொண்டுவரவே பாடாய்ப்பட வேண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று நினைத்து நடுங்குகிறவன் கதையைச் சொன்னாள்.

“வெளிச்சம் வந்து, கயிறுன்னு தெரிஞ்சப்புறம், பாம்பு எங்க போச்சுன்னு யாராவது தேடுவாங்களா?”

“பாம்புக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை என்று நினைவுபடுத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மதியம் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சோதனை எதையும் ஓட விடவில்லை. பொத்தானை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். தெரு நின்றது. ரப்பர் வாடை எழுந்தது. ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில், இத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று இருந்தது. அது சத்தம் இல்லை. சத்தங்கள் எல்லாம் வந்து விழுகிற இடம். அந்த இடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவசரமில்லை. கோபமில்லை. அவர்மேல் ஒரு விரோதமும் இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

“இருக்கியா?” என்றார்.

கட்டைவிரல் அழுத்தியது. பச்சை.

“எப்பலேர்ந்து?”

விரல் அழுத்தியது. எடுக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். போதும் என்று அவர் கெஞ்சிய பிறகும்.

ஒருவழியாக அணைந்தது.

“நான்?” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “நான் இருக்கேனா?”

விரல் அசையவில்லை.

அவரே அழுத்தப் பார்த்தார். பலத்தையெல்லாம் திரட்டி. மறுபடியும். ஒரு சின்னப் பொத்தான். ஒரு கட்டைவிரல். முடியவில்லை. இருமவாவது பார்த்தார்.

இருமல் வரவில்லை.

கால்கள் எழுந்தன. கை கதவைத் திறந்தது. உடம்பு நிதானமாக நடந்துபோய் மேஜையில் உட்கார்ந்தது, ஒரு எண்ணைத் தேடி எடுத்தது, போனை இடது காதில் வைத்தது.

“அண்ணா, நான்தான்” என்றது வாய்.

 மறுமுனையில் அண்ணன் அழுதார். அம்மா படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் கையெழுத்துப் போட்டதாகவும், தம்பி முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வரவில்லை என்றும், அடித்த கையை வெட்டிப் போடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்ததாகவும் சொன்னார். ஆறு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த பேச்சு. ஒரு எழுத்து விடாமல் அந்தக் காதில் விழுந்தது.

வேண்டாம் என்று காதுக்காரர் கத்தினார். மன்னிக்காதே. அதுதான் நான். அதையும் எடுத்துவிட்டால் நான் எதில் நிற்பேன்?

“விடுங்கண்ணா,” என்றது வாய். “ஞாயித்துக்கிழமை வர்றோம்.”

ஞாயிறு காலை நல்ல வெயில். காரில் மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கைகள் அழகாக ஓட்டின. அவர் எங்கே இருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தலையில் இல்லை. நெஞ்சில் இல்லை. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நடை போயிற்று. அன்று சொன்ன அந்த வார்த்தை போயிற்று. கடைசியாகத் தன் பெயரைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். சொல்லிப் பார்த்தார். அது கார் ஓட்டுகிறவருடைய பெயராக இருந்தது.

பின்சீட்டிலிருந்து மகள் எக்கி, அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“அப்பா, முன்னாடி உங்களுக்குள்ள ஒருத்தர் இருப்பாரே, எப்பவும் உர்ருன்னு. அவரு எங்க?”

இருக்கேன். இங்க. கண்ணே, இங்க பாரு.

முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. அவ்வளவு கனிவான கண்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“அப்படி யாரும் இல்லடா. ஒருநாளும் இருந்ததில்ல.”

மனைவி சிரித்தாள். கார் வளைவில் திரும்பியது. வெயில் உள்ளே வந்து மூன்று பேர் மேலும் விழுந்தது. பயம் மட்டும் இருந்தது. பயப்பட ஆளில்லாமல். பின்சீட்டின் காலி இடத்தில்.

மகள் அங்கே வைத்திருந்த தன் பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு யாருக்கோ இடம் விடுவதுபோலக் கதவோரம் நகர்ந்து, ஒட்டி உட்கார்ந்தாள்.