கடைசிக் கட்டைக்கும் கீழே

பேச்சிப்பாறை அணையைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப்போகும் செம்மண் பாதையின் முடிவில் டெம்போ வந்து நின்றபோது மழை சற்று விட்டிருந்தது. ததேயுஸ் முதலில் இறக்கியது பாயையோ அடுப்பையோ அல்ல, பழைய கம்பளியில் சுற்றியிருந்த கீபோர்டை. அதன் பிறகு கம்ப்யூட்டர், மைக், வயர்கள் திணித்த பிளாஸ்டிக் வாளி. அவன் மனைவி பிரிஜா அரிசிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஓட்டு வீடு. ஒரு காலத்தில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டருக்குக் கொடுத்திருந்தார்களாம். பல வருடம் பூட்டிக் கிடந்ததில் தரை வேர்த்திருந்தது. புளித்த ரப்பர்பால் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. முன்னறையில் ஒரு கனத்த மேசை மட்டும் இருந்தது. நகர்த்திப் பார்த்தார்கள். அசையவில்லை.

"இஞ்ச ஒரு மனுஷரும் இல்லியே," என்றாள் பிரிஜா.

"அதுக்குத்தானே வந்தது."

அவன் சொன்னது உண்மைதான். கடற்கரை ஊரான இனயத்தில் அவர்கள் வீட்டில் மைக்கைத் திறந்தால் முதலில் கடல் விழும். அப்புறம் வள்ளத்து எஞ்சின், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுச் சண்டை. பஹ்ரைனில் ஓட்டல் ஒன்றில் கீபோர்டு வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ததேயுஸ், திருவிழாவுக்கு ஒரு மாதா பாட்டைக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து தருவதாகப் பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். மெட்டும் வாசிப்பும் அவனுடையது. குரல் பிரிஜாவுடையது. பாட்டு நன்றாக வந்தால் மற்ற ஊர்க்காரர்களும் தேடி வருவார்கள், இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் மறுபடி பஹ்ரைன். அங்கே அவனுடைய அண்ணன் விசாவுக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தான். கல்யாணமான நாள் முதல் போனிலேயே குடும்பம் நடத்தியவள் பிரிஜா. விசா என்ற சொல் வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

அது 2007. கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு பொருத்துவது அன்றைக்கு லேசான காரியமாக இருக்கவில்லை. மிடி கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. சிடியைப் போட்டு மென்பொருளை ஏற்றினால் திரை நீலமாகிச் செத்தது. மறுபடி ஏற்றினான். இப்போது கீபோர்டு தெரிந்தது, ஆனால் கட்டையை அமுக்கினால் சத்தம் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. அதைச் சரிசெய்தால் ஸ்பீக்கரில் வண்டு போல இரைச்சல். இரைச்சலை நிறுத்தினால் மின்சாரம் போயிற்று.

"நாசமாப் போக!" வாளியை எட்டி உதைத்தான். வயர்கள் தரையெல்லாம் சிதறின.

"பைய செய்யுங்க. மெஷினுக்க கிட்ட கோபப்பட்டு என்னத்துக்கு?"

"ஒனக்கு என்ன தெரியும்? போ அங்க!"

பிரிஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இதற்குமுன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

ஒருவழியாக எல்லாம் பொருந்தி வந்தது. மிடி கேபிள் வழியாகச் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டை அமுங்கியது, எத்தனை நேரம், எவ்வளவு பலத்தோடு என்கிற செய்தி மட்டும் போகும். திரையில் அது சின்னச் சின்னப் பட்டைகளாக விழும். மென்மையாகத் தொட்டால் வெளிறிய பட்டை, ஓங்கி அடித்தால் கறுத்த பட்டை. ததேயுஸ் தன் பாட்டை வாசித்துப் பதிவு செய்தான். திரை நிறைய பட்டைகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தான்.

காலையில் திறந்து பார்த்தபோது அவன் வாசிக்காத பட்டைகளும் அதில் இருந்தன.

கேபிளில் கோளாறு என்று நினைத்து அவற்றை அழித்தான். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி இருந்தன. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய் வேறு கேபிள் வாங்கி வந்தான். பழையதைச் சோதித்த கடைக்காரர், அதில் ஒரு குறையும் இல்லை என்றார். புதுக் கேபிளிலும் பட்டைகள் விழுந்தன. கீபோர்டை அணைத்தான்.

விழுந்தன.

கேபிளையே பிடுங்கித் தரையில் போட்டான். திரை அவன் கண்ணெதிரே ஒவ்வொரு பட்டையாக வரைந்துகொண்டிருந்தது.

"வைரஸா இருக்கும்," என்றான். அவன் குரலை அவனே நம்பவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரிஜா மெல்லக் கேட்டாள். "ஒருக்கா அதைக் கேட்டுப் பாத்தியளா?"

அதுவரை அவன் அந்தப் பட்டைகளைப் பார்த்தானே தவிர, ஒலிக்கவிட்டுக் கேட்டதில்லை. பியானோ சத்தத்தை வைத்து ஓடவிட்டான்.

யாரோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சின்னக் கை. ஒவ்வொரு விரலும் பயந்து பயந்து கட்டையைத் தேடியது. வாசித்தது அவனுடைய பாட்டைத்தான். 'அலைமேல் நடந்து வருவாயே அம்மா' என்று தொடங்கும் முதல் வரியில், 'வருவாயே' மேலே ஏறி வளைகிற இடத்தில் சறுக்கியது. நின்றது. முதலிலிருந்து தொடங்கியது. அதே இடத்தில் மறுபடி சறுக்கியது.

ஒவ்வொரு சறுக்கலுக்கும் பின்னால் ஒரு அடி.

தடித்த, குட்டையான சத்தம். திரையின் அடிப்பாகத்தில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை. ததேயுஸ் கீபோர்டின் இடது ஓரம்வரை விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்கு அங்கே கட்டை இல்லை. அது கடைசிக் கட்டைக்கும் கீழே இருந்தது.

மதியம், ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும் ஞானபாய் வாசலில் நின்றாள். அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தாள். படியில் கால் வைக்கவில்லை.

"மக்கா, இந்த வீட்டுலயா பாட்டு படிக்கிய?" என்றாள் பிரிஜாவிடம்.

"ஏன் அக்கா?"

"இஞ்ச முத்துநாயகம்னு ஒரு ரைட்டரு இருந்தாரு. ஒத்த மக, லில்லிபாய். அவளைச் சபையில ஆர்மோனியம் வாசிக்க வைக்கணும்னு அவருக்கு ஒரு வெறி. அந்த மேசையிலதான் பெட்டி இருக்கும். பிள்ள தப்பா வாசிச்சா ரூல்தடியால வெரல்லயே போடுவாரு. 'மொதல்லேருந்து'ன்னு ஒரு சத்தம். கூலிக்காரங்க இருக்குத எங்க லயம் வரைக்கும் கேக்கும்."

"பொறவு?"

"ஒருநா அந்தப் பிள்ள ரப்பர்பால் ஒறைய வைக்க வச்சிருந்த ஆசிட்டுல ரெண்டு கையையும் முக்கிட்டா. இனி வாசிக்காண்டாமே, அதுக்குத்தான். புண்ணு பழுத்துக் காய்ச்சல் வந்து போயிட்டா." ஞானபாய் முன்னறையின் ஜன்னலைப் பார்த்தாள். "அவரு அதுக்குப் பொறவும் இஞ்சதான் இருந்தாரு. ஆளில்லாத மேசைய அடிச்சிட்டே இருப்பாரு. சாவுத வரைக்கும்."

பிரிஜா உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். "போவோம். இப்பவே போவோம்."

"ஏட்டி, திருவிழா நெருங்கியாச்சு. எல்லாவனும் என்னைப் பாத்துச் சிரிக்கணுமா? ஒனக்க குரலை மட்டும் எடுத்தா வேலை முடிஞ்சு. நாளைக்கு எடுத்துட்டுக் கெளம்பிரலாம்." பிறகு, அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே சொன்னான். "இல்லாட்டா விசாவுக்குச் சரின்னு சொல்லிரட்டா?"

அவள் திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் மரங்களுக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது. ததேயுஸ் கீபோர்டைக் கட்டிவைத்துவிட்டான். மைக் மட்டும் கம்ப்யூட்டரோடு இருந்தது. பிரிஜா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பாடினாள்.

'வருவாயே'யில் சறுக்கினாள்.

அவள் சின்ன வயதிலிருந்தே கோயிலில் பாடுகிறவள். இந்த மெட்டை அவன் போட்ட அன்றே பிசகில்லாமல் பாடிக்காட்டியவள்.

"மொதல்லேருந்து," என்றான்.

மறுபடி சறுக்கினாள்.

"மொதல்லேருந்து!"

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். அதே இடம். அதே சறுக்கல். ததேயுஸ் மைக்கை அவள் பக்கம் வெடுக்கென்று தள்ளினான். இந்தக் கேபிள், இந்த மழை, இந்தக் கரண்ட், சிரிக்கக் காத்திருக்கும் ஊர், எல்லாம் சேர்ந்து அவளுடைய அந்த ஒரு சறுக்கலில் வந்து நின்றதுபோல இருந்தது. ஒரு சின்ன வளைவு. இதைக்கூடப் பாட முடியாதா ஒருத்தியால்?

"மொதல்லேருந்து!"

அவள் அழுதுகொண்டே பாடினாள். புளித்த வாடை அறைக்குள் குப்பென்று ஏறியது. கண் எரிந்தது.

சறுக்கினாள்.

பாட்டு நின்றது. பிரிஜா மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கி மேசைமேல் வைத்தாள். விரல்களை நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, அடி வாங்கப் பழகிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ததேயுஸின் கை அடிக்க ஓங்கியது.

அந்த நொடியில் அவன் கண் தற்செயலாகத் திரையில் விழுந்தது. அவள் குரலின் அலைக்குக் கீழே, திரையின் அடிப்பாகத்தில், அந்தக் கறுத்த பட்டை விழுந்தது.

அவன் இன்னும் அடிக்கவில்லை.

ஓங்கிய தன் கையை அண்ணாந்து பார்த்தான். அதில் ஒரு ரூல்தடி இருந்தது. எண்ணெய் இறங்கிக் கறுத்த, உருண்டையான தடி. அது எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தான், ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் பிரிய மறுத்தன. மற்ற கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை ஜன்னல் வழியே வீசி எறிந்தான். அது எங்கோ விழுந்திருக்க வேண்டும். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"பிரிஜா... எதுக்கு நீ கைய அப்பிடி வச்ச?"

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியேல்ல," என்று கிசுகிசுத்தாள். "வைக்கணும்னு தோணிச்சு."

அன்றைக்கே கிளம்பினார்கள். கொட்டும் மழையில், கம்ப்யூட்டரைக் கம்பளியால் போர்த்தி, கிடைத்த ஜீப்பில் ஏற்றினார்கள். அரிசியையும் பாத்திரங்களையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ததேயுஸ் வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

இனயத்தில் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். ஜன்னல்களில் மெத்தையைக் கட்டி மறுபடி பதிவு செய்தான். பிரிஜா ஒரே மூச்சில் பாடி முடித்தாள். வளைவு வெண்ணெய்போல வந்தது. பின்னணியில் கொஞ்சம் கடல் விழுந்திருந்தது. அதையும் அவன் அப்படியே விட்டுவிட்டான்.

கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு போனபோது கடற்கரையே நின்று கேட்டது. "கொள்ளாம் மக்கா," என்று வலை பின்னுகிறவர்கள்கூடத் தேடி வந்து பாராட்டினார்கள். பக்கத்துப் பங்குகளிலிருந்து ஆள் வந்தார்கள். ததேயுஸ் அண்ணனுக்குப் போன் போட்டு விசா வேண்டாம் என்றான். அன்றைக்குப் பிரிஜா வாய்விட்டுச் சிரித்ததை அந்தத் தெருவே கேட்டது.

சில மாதம் கழிந்து ஒருநாள், நல்ல வெயில். நாகர்கோவிலுக்குப் போய்ப் புது மைக் வாங்கிக்கொண்டு ததேயுஸ் உச்சிப்பொழுதில் வீடு திரும்பினான். வீட்டில் வேறு யாரும் இல்லை. பிரிஜா அடுக்களையில் ஒரு சருவம் நிறைய தண்ணீர் வைத்து, இரண்டு கைகளையும் அதில் முக்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு? சுட்டுக்கிட்டியா?"

அவன் குனிந்து அவள் கைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கினான்.

விரல்களின் மேற்புறத்தில், குறுக்காக, தடித்துச் சிவந்த கோடுகள். ஒன்றின்மேல் ஒன்றாக.

"யாருட்டி அடிச்சது?"

"சமைச்சிட்டே பாடிட்டு இருந்தேன்," என்றாள் பிரிஜா, சின்னப் பிள்ளையின் குரலில். "அந்த எடத்துல தப்பாப் போச்சு."

பிறகு அவன் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து பாடத் தொடங்கினாள்.