காலித் தொட்டியின் எதிரொலி

எதிரொலி கொஞ்சம் சீக்கிரம் செத்துப்போயிற்று. பிரதீபாவுக்கு முதலில் உறைத்தது அவ்வளவுதான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டாள். பலூன் உடைகிற சத்தம், அந்தச் சத்தத்தை நாலு சிமெண்டுச் சுவர்களும் ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்கித் திருப்பி எறிகிற முழக்கம், அது மங்கி மங்கி அடங்குகிற வால். அந்த வாலில்தான் கோளாறு. இடது காதில் அது நன்றாக நீண்டு, தேய்ந்து, முறையாக அடங்கியது. வலது காதில் ஓரிடத்தில் மட்டும் எதிலோ போய் மோதி அமுங்கியது. சுவரில் மோதிய சத்தம் திரும்பி வரும். துணியில், மூட்டையில், மனுஷ உடம்பில் மோதினால்தான் இப்படித் திரும்பாமல் போகும்.

காலித் தொட்டியில் ஏது உடம்பு?

வெளியே ஐப்பசி மழை. ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கூரை வீட்டில் பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. புகைபோக்கியிலிருந்து வந்து படிந்த உமிக்கரி, மழையில் கரைந்து சன்னல் கம்பியில் மையாக வழிந்தது. காற்று திரும்பும்போதெல்லாம், நாள்பட ஊறிய நெல்லின் புளித்த வாடை, யாரோ ஈரத்துணியை மூஞ்சியில் போட்டதுபோல வந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து மூச்சுவிடுகிற வாடைதான்.

அவள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில ராக் குழுவின் சத்தத்தை, நிஜக் கருவி ஒன்றைக்கூடத் தொடாமல், முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மறுபடி உண்டாக்கிக் காட்ட வேண்டும், காட்டினால் வேலை. ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடுகிற குழு அது. நடுவில் தாளம் ஏழுக்குப் போகும், ஐந்துக்கு இறங்கும், ஆர்கன் மட்டும் எதற்கும் அசையாமல் மேகம்போல மேலே நின்றுகொண்டிருக்கும். ஆர்கனை அவள் முடித்துவிட்டாள். டேப்பில் பதிந்த புல்லாங்குழலை வாசிக்கிற அந்தக் காலத்துக் கீபோர்டை, டேப்பின் லேசான தள்ளாட்டத்தோடு முடித்துவிட்டாள். மிச்சம் டிரம்ஸ். அந்தக் குழு டிரம்ஸை வற்றிய தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் இறக்கிவைத்துப் பதிந்ததாம். கம்ப்யூட்டரில் ரெடிமேடாகக் கிடைக்கிற எதிரொலி எதைப் போட்டாலும் பிளாஸ்டிக் குடத்துக்குள் அடித்ததுபோலத்தான் கேட்டது.

தொட்டிக்கு அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை. தொட்டியின் நிழலில் வளர்ந்தவள்.

அப்பா மருதையனுக்கு மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டிகளைக் கழுவுகிற வேலை. ஊறிய நெல்லை அள்ளிய பிறகு, அடியில் தங்குகிற சேற்றையும் பதரையும் சுரண்ட ஆள் உள்ளே இறங்க வேண்டும். தொட்டி ரெண்டு ஆள் ஆழம். அடியில் விஷக்காற்று தேங்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அப்பா இறங்குவார், மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்திருப்பார், மூச்சு முட்டினால் ஓர் இழுப்பு. அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தக் கயிற்றைப் பார்த்துப் பார்த்து வந்த ஆத்திரத்தில்தான் அவள் இன்ஜினியரிங் வரைக்கும் படித்தாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்து என்ன? போன கம்பெனியெல்லாம் இங்கிலீஷில் சிரித்து அனுப்பிவைத்தது. இது ஒன்றுதான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இது கிடைக்கிற அன்றைக்கே மில்லை விட்டு நின்றுவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஓர் இடத்தில் பலூனை உடைத்து, அது எழுப்புகிற எதிரொலியைப் பதிந்துகொண்டால், அந்த இடத்தையே கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு எந்தச் சத்தத்தை அதற்குள் விட்டாலும் அங்கேயே அடித்ததுபோலக் கேட்கும். ஒரே நிபந்தனை, இடம் காலியாக இருக்க வேண்டும். முந்தாநாள், அப்பா கழுவி முடித்து மேலே ஏறிய தொட்டிக்குள் மைக்கைக் கயிற்றில் இறக்கினாள். மூங்கில் நுனியில் பலூனைக் கட்டி உள்ளே நீட்டி, ஊசியால் குத்தினாள். அப்பா அவள் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு பேரும் மேலே. உள்ளே ஒருவரும் இல்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்குத் தொட்டிக்குள்ள மூட்டை ஏதாச்சும் கெடந்துச்சா?"

"மூட்டையா? நான்தானே கழுவிட்டு மேல வந்தேன். ஈ எறும்புகூடக் கெடையாது பாப்பா."

அம்மா அம்சம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஊர்ல பொண்ணுங்க பேங்கு பரீட்சை எழுதுது. நம்ம வீட்டுது தொட்டிக்குள்ள பலூன் விடுது" என்றாள்.

"நீயும் வந்து ஒண்ணு விடும்மா, சும்மா வாயை விடுறதுக்குப் பதிலா."

அப்பா சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல இருமலில் போய் முடிந்தது. உமித்தூசி இருமல். முதலில் ஒரு வறட்டு வெட்டு, அப்புறம் நெஞ்சுக்குள் எதையோ தேடுகிறமாதிரி ஓர் இழுப்பு. தண்ணீரைக் குடித்துவிட்டு மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

அமுங்கல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று டிரம்ஸை அந்தத் தொட்டிக்குள் விட்டாள். உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே சத்தம்! ஈரக் கல்லில் இடி இறங்குகிற அதே சத்தம். பாட்டைச் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்திலேயே அங்கிருந்து ரஞ்சித் கூப்பிட்டான். வேலைக்கு ஆள் எடுக்கிறவன்.

"பிரதீபா, சூப்பர்ங்க. அந்தத் தொட்டி உயிரோட இருக்கு. ஒரே ஒரு விஷயம், கடைசியில யாரோ இருமுறாங்க பாருங்க, அதை மட்டும் க்ளீன் பண்ணிடுங்க."

"இருமலா? எங்க சார்?"

"நல்லாவே கேக்குதே. இருமிட்டு யாரையோ கூப்பிடுறாங்க. ஊர்ல வச்சு ரெக்கார்ட் பண்ணா இதான் தொல்லை. சாயந்திரத்துக்குள்ள அனுப்புங்க, இன்னைக்கே மேல பேசி முடிச்சிடுறேன்."

ஊர்ல வச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

பலூன் பதிவைத் தனியாகக் கேட்டாள். இருமல் இல்லை. டிரம்ஸைத் தனியாகக் கேட்டாள். அது எந்திரம் அடித்த டிரம்ஸ், அதில் எப்படி இருக்கும். டிரம்ஸைத் தொட்டிக்குள் விட்டுக் கடைசி அடிக்குப் பிறகு காத்திருந்தாள். முழக்கம் தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து, இதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிற இடத்தில், வலது பக்கத்தில், அந்த அமுங்கல் இருந்த அதே இடத்தில், ஒரு வறட்டு வெட்டு. ஓர் இழுப்பு.

பிறகு, "பாப்பா."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். தகரத்தில் மழை. அடுப்படியில் அம்மாவின் கரண்டி. எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன.

நாலு வருஷம் சத்தத்தைப் படித்தவள் நான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பேய் பிசாசு என்று பேசினால் அம்மாவையே விரட்டி அடிக்கிறவள். டிரம்ஸை எடுத்துவிட்டு ஆர்கனை விட்டாள். ஆர்கன் அடங்கியது. இருமல். "பாப்பா." புல்லாங்குழலை விட்டாள். "பாப்பா." இந்தத் தடவை மைக்குக்கு இன்னும் கிட்டத்தில். ஒரே ஒரு தட்டல் சத்தத்தை விட்டாள்.

"பாப்பா, கயிறு."

செருப்புகூடப் போடாமல் மில்லுக்கு ஓடினாள். களத்துச் சேறு முழங்கால் வரை அடித்தது. வாசலில் மேஸ்திரி சபரிநாதன் குடைக்கடியில் நின்றார்.

"என்ன இன்ஜினியரம்மா, மழையில பலூன் வெடிக்குமா?"

"எங்கப்பா எங்க?"

"எங்க போவாரு? பாய்லர்கிட்ட இருக்காரு. உங்கப்பாவை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, பயப்படாதீங்க."

அப்பா பாய்லருக்கு முன்னால் உமி தள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில் நெருப்பு வெளிச்சம். உயிரோடு, வேர்வையோடு, பீடி நாற்றத்தோடு. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பாப்பா? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"இல்ல. நீ அந்தத் தொட்டியில எறங்காதப்பா."

"அதுல காலையிலயே நெல்லு போட்டாச்சு. மூணு நாளைக்கு எறங்க முடியாது. போய்ப் பாரு வேணும்னா."

போய்ப் பார்த்தாள். விளிம்பு வரை நெல்லும் தண்ணீரும். மழைத்துளி விழுந்து பழுப்பு நுரை உடைந்துகொண்டிருந்தது. நுரைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு குமிழியாக, நிதானமாக, மேலே வந்து வெடித்தது. ஊறுகிற நெல் அப்படித்தான் மூச்சுவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே நிற்க முடியவில்லை.

"வேலை கெடைச்சா நாளைக்கே கணக்கை முடிச்சிட்டு வந்துடுறேன். போதுமா?" என்றார் அப்பா. "போ. போயி அதை முடி. நனையாத."

அதை முடிக்கத்தான் வேண்டும். அப்பா மேலே இருக்கிறார், கண்ணால் பார்த்தாயிற்று. உள்ளே இருப்பது சத்தம். வெறும் சத்தத்துக்குப் பயந்து இந்த வேலையை விட்டால் அந்த மனுஷன் சாகிற வரைக்கும் கயிற்றில்தான் தொங்க வேண்டும். ஈரப் பாவாடையோடு உட்கார்ந்தாள்.

வேண்டாத சத்தத்தைத் துடைத்தெடுக்கிற கருவி ஒன்று இருக்கிறது. இதுதான் வேண்டாதது என்று ஒருமுறை அடையாளம் காட்டினால் போதும், எங்கெல்லாம் அது ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் துடைத்துவிடும். இருமலைக் காட்டினாள். அழுத்தினாள். இருமல் போனது.

"பாப்பா" மட்டும் மிஞ்சியது. முன்னைவிட வேகமாக. அதைக் காட்டினாள். அழுத்தினாள்.

அதற்கு அடியில் மூச்சு இருந்தது. வாயால் இழுக்கிற மூச்சு. அழுத்தினாள்.

மூச்சுக்கு அடியில் தட்டல். உள்ளங்கை. சுவரில். அழுத்தினாள்.

அதற்கும் அடியில் ஒரு பிறாண்டல். நகம். சிமெண்டு. மெதுவாக. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே.

விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கொஞ்ச நேரம்தான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

அழுத்தினாள்.

கடைசி டிரம்ஸ் அடி விழுந்தது. எதிரொலி இரண்டு காதிலும் ஒரே நீளத்துக்கு, ஒரே சீராக, அழகாகத் தேய்ந்து அடங்கியது. எதிலும் மோதவில்லை. எதுவும் அதை உறிஞ்சவில்லை. முதல்முதலாகத் தொட்டி காலியாக இருந்தது. தொட்டிப் பதிவின் பழைய கோப்பின் மேலேயே சேமித்து, பாட்டை அனுப்பிவிட்டு மூடினாள்.

மழை இருட்டும் அந்திக் கருக்கலும் ஒன்றாகக் கலக்கிற நேரத்தில் ரஞ்சித்திடமிருந்து மெசேஜ் வந்தது. வேலை உங்களுக்குத்தான். வாழ்த்துகள்.

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவும் எதற்கென்று கேட்காமல் அழுதாள். வாசல் தட்டி நகர்ந்தது. அப்பா.

"அப்பா! கெடைச்சிடுச்சுப்பா!"

அப்பா வாயைத் திறந்து ஏதோ சொன்னார்.

கேட்கவில்லை. ஹெட்போன் காதில் இருக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தாள். அது மேசையில் கிடந்தது. மழை கேட்டது. அடுப்பில் உலை கொதிப்பது கேட்டது.

"என்னங்க? சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா இருமினார். உடம்பு இரண்டாக மடிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. ஒரு சத்தமும் இல்லை. தடுமாறிய கை பட்டு வாசலோரத்துத் தண்ணீர்க் குடம் சாய்ந்தது. எவர்சில்வர் குடம். சிமெண்டுத் தரையில் உருண்டு, சுவரில் முட்டி, திரும்பி உருண்டது. அவர் கை பட்டதற்கும் சத்தமே இல்லை.

அம்மா அலறினாள். அது கேட்டது.

பிரதீபா லேப்டாப்பைத் திறந்தாள். பழைய கோப்பைத் தேடினாள். காலித் தொட்டி மட்டும் இருந்தது. அதைத்தான் மேலேயே சேமித்திருந்தாள். ஒலியைக் கூட்டினாள். முழுக்கக் கூட்டினாள். பலூன். முழக்கம். வால். ஒன்றுமில்லை.

திரும்பினாள்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. வர முடியவில்லை. அம்மா எதிரே நின்று அவர் தோளை உலுக்குகிறாள், அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்க்கிறார். கூரையை அல்ல. கூரைக்கு மேலே, ரெண்டு ஆள் உயரத்தில், தொட்டி விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில், எதையோ. யாரையோ. வாய் இரண்டு அசைவாகத் திறந்து மூடுகிறது. மறுபடி. மறுபடி. இரண்டு கையும் தனக்கு முன்னால் இருக்கிற வெறுங்காற்றில் ஊன்றிப் பிறாண்டுகின்றன. மெதுவாக. மேலிருந்து கீழே. வெறும் காற்றுதான். ஆனாலும் அவர் நகக்கண்களிலிருந்து ஈரச் சிமெண்டு உதிர்கிறது, சாம்பல் நிறத்தில், கொத்துக் கொத்தாக. அதன் மேல் ரத்தம் சொட்டுகிறது. விரல் நுனிகள் தேய்கின்றன. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன.