சுரங்க மேட்டுப் புல்

"ஐயோ... நிறுத்துங்க! புல்லு!"

அவள் கத்தி முடிப்பதற்குள் ஜீப்பின் பின்சக்கரம் பாத்திக்குள் ஏறிவிட்டது. மூடிய சுரங்கத்தின் மேல் கொட்டிய மண்மேட்டில், மண் ஆராய்ச்சிக்காரியான அவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த புல்... சேறோடு சேறாய்க் கிடந்தது.

இறங்கியவன் சுரங்கத்தின் புது என்ஜினீயர். சமாளிக்க ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்களைப் பார்த்ததும் குனிந்து, நசுங்கிய ஒரு தாளை நிமிர்த்தினான்.

"இது... புல்லாங்க? வாடிப்போன களைன்னு நினைச்சேன்."

"வாடலை. பட்டினி! இந்த மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், இருக்கு. ஆனா இரும்பு அதைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கு. வேருக்குக் கிடைக்கவே கிடைக்காது. சுண்ணாம்பும் தொழுவுரமும் போட்டு இப்பத்தான் நாலு இலை விட்டுச்சு..."

"அந்த இரும்பு உங்க சொந்தக்காரங்களாங்க? நீங்களும் கோபத்தைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கீங்களே!"

வந்த சிரிப்பை மறைக்க அவள் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மண்வெட்டியோடு வந்து நின்றான். அடுத்த நாளும் வந்தான். ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, ஒரே தார்ப்பாய்க்கடியில் இருவரும்... அவன் இமையில் நின்ற துளி விழுமா, விழாதா? 'அடிப்பாவி, மண்ணைப் பார்க்க வந்தவளா நீ!'

விஷயம் தெரிந்ததும் இடி வீட்டில் விழுந்தது. அந்த மேட்டுக்கடியில்தான் அவள் அப்பாவின் நிலம் போயிருந்தது. "நம்ம நிலத்தைத் தோண்டினவங்க ஆளுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்?" என்றார். அதன்பின் அவன் கூப்பிட்டால் அவள் ஃபோனை எடுக்கவில்லை. அவன் இல்லாத நேரமாய்ப் பார்த்து மேட்டுக்குப் போனாள்.

மழைக்காலம் ஓய்ந்ததும் அவன் நேராக வீட்டுக்கே வந்தான்.

"பொண்ணு கேட்டு வரலைங்க ஐயா. உங்க நிலத்தை ஒரு தடவை வந்து பாருங்க. மனசு ஒப்பலைன்னா இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்."

அப்பா முறைத்தார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டார். அவளும் பின்னாலேயே போனாள்.

மேடு முழுக்க முழங்கால் உயரப் புல், காற்றில் சாய்ந்து சாய்ந்து... அப்பா ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கண் கலங்கிவிட்டது.

"நல்லா வேர் விட்டிருக்கு..." என்று முணுமுணுத்தவர், "தம்பி, வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மேட்டின் மறுபக்கம் நடந்தார்.

"ஐயாவுக்குச் சம்மதம் போல," என்றான் அவன் மெல்ல. "உங்களுக்கு?"

"ஃபோனை எடுக்கலையே தவிர... நீங்க கூப்பிடறப்பெல்லாம் அது அடங்கற வரைக்கும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்." அவள் குனிந்துகொண்டாள். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு... போதுமா?"

"போதாது. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்... நிமிர்ந்து, அவன் கண்களைப் பார்த்து.